மலையேறும் கோஷம்

ஜவ்வாது மலை ஏற்றத்தில் எங்கள் வேன் கொதித்து நின்றுவிடுகிறது. ரேடியேட்டருக்குத் தண்ணீர் தேடி டிரைவர் குடத்தோடு போயிருக்கிறார். மஞ்சள் ஜெர்சியில் நாங்கள் பதினோரு பெண்கள் சாலையோரம் நிற்கிறோம். நான் கோல்கீப்பர். மேலே கோடை விழாவில் மூன்று மணிக்கு எங்களுக்குக் கால்பந்து மேட்ச்.

கீழேயிருந்து லாரிச் சத்தமும் தப்பட்டையும் கேட்கின்றன. கூடவே எங்கள் கிளப்பின் கோஷம். சின்ன வயதில் ஆண்கள் டீம் ஆடும்போது அண்ணனின் தோளில் உட்கார்ந்து நானும் தொண்டை கிழியக் கத்திய அதே கோஷம்.

போன வாரம் பிராக்டிஸின்போது கிளப் ரசிகர்கள் மைதானத்துக்கே வந்து சொன்னார்கள்: "இந்த ஜெர்சி எங்க மானம். இத்தப் போட்டுக்கினு பொம்பளைங்க எறங்கினா கல்லடிதான் வுழும்."

புளி மூட்டையோடு பஸ்ஸுக்குக் காத்திருக்கும் மலைக்காரப் பெண் காதைத் தீட்டிக் கேட்கிறாள்.

"இன்னும் மூணு வளைவுதான், வந்துருவாங்க. இன்னாம்மா இப்புடி நடுங்குறீங்க? எதிர் பார்ட்டிங்களா?"

"இல்லக்கா. எங்க கிளப் ஆளுங்கதான்."

"அப்ப கை தட்டத்தானே வர்றாங்க? இன்னாத்துக்கு பயம்?"

கேப்டன் ஜெர்சியின்மேல் துண்டைப் போர்த்திக்கொள்கிறாள். ஒவ்வொருத்தியாக நாங்களும் போர்த்திக்கொள்கிறோம்.

"ரெண்டு வளைவு" என்கிறாள் மலைக்காரப் பெண்.

கோஷத்தை முதலில் எடுத்துக் கொடுக்கும் குரல் இப்போது தனியாகக் கேட்கிறது. மற்றவர்களுக்கு அது யாரென்று தெரியாது. எனக்குத் தெரிகிறது.

அண்ணன்.