டைனோசருக்கு ஒரு ஒய்-ஒய் அனாலிசிஸ்

1. கல் விழுந்த கதை

வால்வு லைனை மூடப்போகிறோம் என்று சொல்வதற்கு முன்னால் எங்களுக்கு டைனோசர் படம் போட்டுக் காட்டினார்கள். ஓசூரில் ஸ்கூட்டர் எஞ்சினுக்கு வால்வு செய்யும் கம்பெனி எங்களுடையது. நான் அந்த லைனுக்கு சூப்பர்வைசர். ஸ்கூட்டர்கள் பேட்டரிக்கு மாறிக்கொண்டிருந்தன. பேட்டரி வண்டிக்கு வால்வு தேவையில்லை என்பது கேட் எதிரே டீ ஆற்றுகிறவருக்கும் தெரியும். மேலிடம் மட்டும் வாயே திறக்கவில்லை. ஒருநாள் டிரெயினிங் என்று ஹாலில் உட்காரவைத்தார்கள்.

பெங்களூரிலிருந்து வந்த டிரெயினர் நன்றாகவே சொன்னார். ஆறரைக் கோடி ஆண்டுகளுக்கு முன் வானத்திலிருந்து மலையளவு கல் ஒன்று விழுந்தது. தூசியும் புகையும் எழும்பி வெயிலை மறைத்தன. செடி செத்தது, செடியைத் தின்றது செத்தது, அதைத் தின்றதும் செத்தது. தக்காணத்தில் எரிமலைகள் வேறு ஏற்கெனவே குழம்பைக் கக்கிக்கொண்டிருந்தனவாம். எலி மாதிரி சின்னப் பிராணிகள் வளைக்குள் இருந்து, கிடைத்ததைத் தின்று பிழைத்துக்கொண்டன.

"மாறினவன் பொழச்சான், மாறாதவன் போய்ட்டான். அவ்ளோதாங்க மேட்டர்" என்று முடித்தார். டைனோசர் அழிந்ததற்கு ஆளுக்கொரு ஒய்-ஒய் அனாலிசிஸ் எழுத வேண்டும் என்றார். நன்றாக எழுதுகிறவர்களுக்குப் பேட்டரி வண்டிக்கான புதிய மோட்டார் லைனில் இடம் என்று எச்.ஆர். மேனேஜர் பின்னாலிருந்து சேர்த்துக்கொண்டார். மற்றவர்களுக்கு வேலை இல்லை என்பதை அப்படித்தான் தெரிந்துகொண்டோம்.

ஒய்-ஒய் என்பது எங்களுக்குச் சோறு மாதிரி. ஒரு வால்வு ரிஜெக்ட் ஆனால் ஏன், ஏன் என்று கேட்டு, ஷீட்டில் கட்டம் கட்டமாகப் பதில் எழுதிக்கொண்டே போய் மூலகாரணத்தைப் பிடிக்க வேண்டும். ஆனால் கடைசிப் பதில் மழை, கரண்ட், கஸ்டமர், கடவுள் என்று முடியக்கூடாது. வெளிக்காரணம் எழுதினால் ஷீட் திரும்பி வந்துவிடும். அதனால் எந்தக் கோளாறும் ‘ஆபரேட்டர் கவனக்குறைவு, பயிற்சி அளிக்கப்பட்டது’ என்றுதான் முடியும். ஒருமுறை இடி விழுந்து கம்ப்ரஸர் நின்றதற்கும் ஓர் ஆபரேட்டருக்குப் பயிற்சி கொடுத்திருக்கிறோம்.

என் பக்கத்தில் கிரைண்டிங் ஆபரேட்டர் நசீர் உட்கார்ந்திருந்தார். தேன்கனிக்கோட்டையிலிருந்து பஸ்ஸில் வருகிறவர். மகள் அப்போதுதான் நர்சிங் சேர்ந்திருந்தாள். ஐம்பதை நெருங்கியவருக்கு வெளியே யார் வேலை கொடுப்பார்கள்? அந்த ஷீட்தான் அவருக்கு இருந்த ஒரே வழி.

தீனி இல்லை, செடி இல்லை, வெயில் இல்லை, தூசி, கல் விழுந்தது என்று மளமளவென்று எழுதிக்கொண்டு வந்தவரின் பேனா அங்கே நின்றுவிட்டது.

"இதுக்கு மேல என்னாங்க சார் எழுதறது?"

ஷீட் எழுதுவதில் கில்லாடியான முனியப்பா எட்டிப் பார்த்தார். "எப்பவும் போல எழுது பாய். டைனோசர் கவனக்குறைவு. மேல பாக்காம மேஞ்சிக்கினு இருந்துச்சி. பயிற்சி குடுத்தாச்சி."

"செத்ததுக்கு எப்பிடிண்ணா பயிற்சி குடுப்பாங்க?"

"ரிசைன் பண்ணிட்டுப் போனவனுக்கே குடுத்தோமே."

எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனாலும், "நசீர், பொண்ணு படிப்ப நெனச்சி எழுதுங்க" என்றேன்.

"இத்தன வருசமா எம்பேரத்தானே சார் எழுதினேன். எம்மெஷின்ல நடந்துச்சி, சரின்னு விட்டேன். இது மேலயிருந்து விழுந்த கல்லு. அதுக்கும் செத்த டைனோசர் மேலயே பழி போட எனக்குக் கை வரல." கல் விழுந்தது என்றே முடித்துக் கையெழுத்துப் போட்டார்.

முனியப்பாவின் டைனோசர் தன் தவறைத் தானே ஒப்புக்கொண்டதால் டிரெயினர் கைதட்டினார். அவருக்கு மோட்டார் லைன் கிடைத்தது. நசீரின் ஷீட்டில் ‘வெளிக்காரணம். மாறும் மனநிலை இல்லை’ என்று சிவப்பு மையில் எழுதியிருந்தது.

2. நோட்டீஸ்

அடுத்த மாதம் போர்டில் நோட்டீஸ் ஒட்டினார்கள். நிர்வாகத்தின் கட்டுப்பாட்டுக்கு அப்பாற்பட்ட காரணங்களால் வால்வு லைன் மூடப்படுகிறதாம். எங்கள் கம்பெனியில் ரிஜெக்ட் ஆகாத முதல் வெளிக்காரணம் அதுதான்.

பிறகு எல்லாம் டிரெயினர் சொன்ன வரிசைப்படியே நடந்தது. முதலில் கான்ட்ராக்ட் பையன்கள் போனார்கள். அவர்களை நம்பியிருந்த மெஸ் போனது. மத்திகிரியில் வாடகை வீடுகள் காலியாகி, வீட்டுக்காரர்கள் போர்டு மாட்டினார்கள். எச்.ஆர். மேனேஜர் மட்டும் நல்ல சம்பளத்தில் வேறு கம்பெனிக்குத் தாவினார். அங்கேயும் அதே டிரெயினரைக் கூப்பிட்டு அதே படத்தைப் போட்டதாகக் கேள்வி.

கடைசி நாள் நசீர் மெஷினைத் துடைத்துவிட்டு என்னிடம் வந்தார்.

"சார், மோட்டார் லைன் மெஷினெல்லாம் வெளிநாட்டுலயிருந்து வருது. ஆர்டர் போட்டா வர்றதுக்கு வருசக்கணக்கு ஆவும் இல்லீங்களா?"

"ஆமாம்."

"அப்ப கல்லு வர்றது இவங்களுக்கு அப்பவே தெரிஞ்சிருக்கு. ஒரு வார்த்த சொல்லியிருந்தா நானும் எதாச்சும் கத்துக்கிட்டிருப்பேனே சார்."

அவர் குரலில் கோபமில்லை. கோபம் எனக்குத்தான் வந்தது, இன்னும் தீரவில்லை. புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். ஏன் என்று கேட்க உங்களுக்குக் கற்றுக்கொடுப்பார்கள். நன்றாகக் கற்றுக்கொள்ளுங்கள். உங்கள் பெயர் வந்ததும் ஷீட்டில் கட்டம் தீர்ந்துபோகும். அதோடு நிறுத்தாமல், மேலிடம் உட்கார்ந்திருக்கும் மாடிக்குப் போய் இன்னொரு முறை கேளுங்கள்.