கதவை யார் மூடியது?

இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் வீணாகிவிட்டன. முதல் ஞாயிறு ஒரு பட்டிமன்றத்துக்கு நடுவராகப் போனேன். அடுத்த ஞாயிறு, அங்கே நான் சொன்ன தீர்ப்பின் பலனை அனுபவிக்க ஒரு தியேட்டருக்குப் போனேன்.

அறுபத்தெட்டு வயதில் ஒருவன் எதற்கெல்லாம் நடுவராக இருக்கலாம்? கோலப் போட்டி, மாறுவேடப் போட்டி, லெமன் ஸ்பூன் ஓட்டம்... எல்லாம் இருந்தாயிற்று. ஒரு விண்வெளிக் கப்பலின் கதவு தானாக மூடியதா, கையால் மூடப்பட்டதா என்று தீர்ப்புச் சொல்ல அழைத்தது இதுதான் முதல் தடவை.

ஆங்கிலப் படம். தமிழில் பேசுகிறது. பெயரைச் சொல்ல மாட்டேன் — சொன்னால் ரசிகர்கள் கடிதம் எழுதுவார்கள். சென்ற வருடம் இந்தப் பத்திரிகைப் பத்தியில் ஒரு படத்தைக் குறை சொன்னதற்கு வந்த கடிதங்கள் பத்தொன்பது. அதில் பதினாறில் என் பெயரே தப்பு.

கதை இதுதான். ஒரு கிரகம் வெடிக்கப் போகிறது. கப்பலில் நாற்பத்திரண்டு பேர் ஏறிவிட்டார்கள் (நான் எண்ணினேன், திரையில் முப்பத்தேழுதான்). கேப்டனின் சொந்தத் தம்பி கடைசியாக ஓடி வருகிறான். அவனுக்காகக் காத்திருந்தால் நெருப்பு உள்ளே வந்துவிடும். கேப்டன் தன் கையாலேயே கதவை மூடுகிறான். தம்பி வெளியே. அதற்குப் பிறகு வந்த இரண்டு பாகங்களிலும் கேப்டன் தூங்குவதே இல்லை. மிச்சமெல்லாம் துப்பாக்கியும் இரைச்சலும்.

பதினைந்து வருடம் இப்படித்தான் ஓடியது. இப்போது இயக்குநருக்கு ஞானோதயம். பழைய படத்தைத் திறந்து, வெட்டி, ஒட்டி, புதுப் பதிப்பு என்று வெளியிட்டிருக்கிறார். இதில் ஒரு விண்கல் வந்து இடிக்கிறது, கதவு தானாக மூடிக்கொள்கிறது. கேப்டன் கதவில் அடித்து அழுகிறான். பாவம், அவன் மேல் ஒரு குற்றமும் கிடையாது!

கேட்டால், 'ஆரம்பத்திலிருந்தே என் மனதில் இருந்தது இதுதான். அப்போது தொழில்நுட்பம் இல்லை' என்கிறாராம். ஒரு கதவு தானாக மூட என்ன தொழில்நுட்பம் வேண்டும்? எங்கள் வீட்டுப் பின்கட்டுக் கதவு முப்பது வருடமாக அதைச் செய்துகொண்டிருக்கிறது. இதற்கு முந்தைய பேட்டியில் 'ஒரு ஃப்ரேமைக்கூட மாற்ற மாட்டேன்' என்றவரும் இவரேதான். கடைசிப் பேட்டியில் இன்னும் ஒரு படி மேலே போய்விட்டார் — பழையது வெறும் ரஃப் காப்பியாம், அந்தப் பிரதிகளையெல்லாம் திரும்ப வாங்கி அழித்துவிடப் போகிறாராம். அப்படியென்றால் பதினைந்து வருடம் டிக்கெட் வாங்கியவன் பார்த்தது என்ன, இவருடைய ரஃப் நோட்டையா?

இதற்கு எங்கள் ஊரில் ஒரு ரசிகர் மன்றம். உறுப்பினர்கள் இருபத்து மூன்று பேர். கோயில் யானையின் நெற்றியில் வடகலை நாமமா, தென்கலை நாமமா என்று தலைமுறை தலைமுறையாக வாதாடிய ஊர் இது. ஒரு கதவை விட்டுவைப்பார்களா? மன்றம் இரண்டாகிவிட்டது. பழைய கட்சிக்காரன் வீட்டு விசேஷத்துக்குப் புதிய கட்சிக்காரன் போவதில்லை.

மன்றச் செயலாளர் வரதன். காப்பீட்டு ஏஜென்ட். சின்ன காஞ்சிபுரத்தில் எனக்கு இரண்டு வீடு தள்ளி இருக்கிறான். தீவிரப் புதிய கட்சி. அவன்தான் வந்து அழைத்தான்.

"சார், தியேட்டர்ல ஒரே ஒரு காலைக் காட்சி தரேன்னுட்டா. பழைய படப் பொட்டியா, புதுப் பொட்டியான்னு திங்கட்கிழமைக்குள்ள சொல்லணும். பட்டிமன்றம் வெச்சு முடிவு பண்ணிடலாம்னு இருக்கோம். நீங்கதான் நடுவர். நீங்கன்னா மார்க் கரெக்டா போடுவேள்."

முகஸ்துதி. விழுந்துவிட்டேன். முப்பத்தொரு வருடம் புள்ளிவிவர ஆபீசில் இருந்தவனை வேறு எப்படி விழவைப்பது?

பட்டிமன்றத்துக்கு முந்தைய நாள், சனிக்கிழமை மத்தியானம், தனபால் வந்தார். பிள்ளையார்பாளையத்தில் தறி வைத்திருக்கிறார். என் மருமகளின் முகூர்த்தப் புடவை அவர் கையால் நெய்தது. அவரும் மன்றத்தில் இருக்கிறார் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும்.

"சார், பழைய பொட்டிதான் வரணும்" என்றார், உட்காரக்கூட இல்லை.

"உங்களுக்குமா இந்தப் பைத்தியம்?"

"பைத்தியமெல்லாம் இல்ல சார். எனக்கு ஒரு தம்பி இருந்தான், ஏகாம்பரம்னு. குடிச்சிட்டு வந்து, தறில ஏத்தி வெச்சிருந்த கல்யாணப் பொடவப் பாவு நூல பூரா அறுத்துட்டான். கோவத்துல வெளிய தள்ளிட்டேன். ஐப்பசி மாசம், நல்ல மழை. சாயங்காலம் வந்து, 'அண்ணே, கதவத் தொற, அண்ணே'ன்னு தட்டுறான். உள்ள எங்க அம்மா, வூட்டுக்காரி, கைக்கொழந்த. மறுபடியும் தறில கை வெப்பானோன்னு பயம். தாழ்ப்பாளப் போட்டுட்டேன். போனவன் போனவன்தான் சார். பதினஞ்சு வருசமாச்சு."

அந்த வருடம்தான் இந்தப் படம் வந்ததாம். மனசு சரியில்லாமல் ஏதோ ஒரு தியேட்டருக்குள் நுழைந்திருக்கிறார்.

"அந்தக் கதவு சீன் வந்துச்சு பாருங்க... ஒலகத்துல நான் மட்டும் இல்ல, இவனும் மூடியிருக்கான்னு தெரிஞ்சுது. மூடிட்டு தூங்காம கெடக்கிறான். நம்ம ஆளுன்னு ஆயிட்டான்."

"சரி, இப்போது எதற்கு?"

"அந்தக் கைக்கொழந்ததான் மீனா. பத்தாவது படிக்குது. சித்தப்பா தானா எங்கியோ போய்ட்டாருன்னு சொல்லி வெச்சிருக்கேன். நெஜத்த சொல்லணும். வாய் வர மாட்டுது சார். அந்தப் படத்துக்கு இட்டுக்கினு போய், அந்த சீனக் காட்டி, 'உங்கப்பனும் இதாம்மா பண்ணான்'னு சொல்லிடலாம்னு இருக்கேன். புதுப் பொட்டி வந்தா நான் இன்னாத்தக் காட்டுவேன்?"

நான் வாக்குறுதி எதுவும் தரவில்லை. நடுவர் தரலாமா?

ஞாயிறு காலை, டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் மாடி. உறை போட்ட மெஷின்கள் பதினான்கு, மனிதர்கள் இருபத்தாறு. ஓர் அணிக்கு மூன்று பேச்சாளர்கள். யார் எந்த அணி? வரதன் ஒரு டப்பாவை நீட்டினான். சீட்டுக் குலுக்கலாம்! அவரவர் கட்சியை அவரவர் பேசினால் கைகலப்பு வந்துவிடுமாம். தாங்கள் நம்பாததைப் பேசி அதன் மூலம் உண்மையைக் கண்டுபிடிக்கப் போகிறார்கள். இப்படி ஒரு யோசனை படித்தவனுக்குத்தான் வரும்.

சீட்டைப் பிரித்தார்கள். வரதனுக்குப் பழைய அணி. தனபாலுக்குப் புதிய அணி.

தனபால் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "வரதா, இத மாத்திக்கலாம்பா. எனக்குப் பழசு குடு."

"ரூல்ஸ் ரூல்ஸ்தான் தனபால். நடுவர் என்ன சொல்றார்?"

நடுவர் என்ன சொன்னார்? விதி விதிதான் என்றார். அந்த நடுவரை இப்போது என் கையில் கொடுத்தால் நாலு வார்த்தை கேட்பேன்.

வரதன் பழைய அணிக்காகப் பேசினான். 'டைரக்டரோட ஒரிஜினல் விஷன்' என்று ஆரம்பித்து, 'எவால்வ் ஆன விஷன்' என்று போய், 'விஷன்னா என்ன?' என்று எங்களையே கேட்டு முடித்தான். 'விஷன்' என்ற சொல் மட்டும் நாற்பத்தொரு தடவை. ஒப்புக்குத்தான் பேசினான். தோற்பதற்காக இத்தனை உழைத்த பேச்சாளனை நான் பார்த்ததில்லை. தாமலிலிருந்து சைக்கிளில் வந்த இன்னொருவர் கப்பலின் நீளத்தைப் பற்றிப் பேசினார். யாரும் கேட்கவில்லை.

கடைசியாகத் தனபால்.

"எல்லாருக்கும் வணக்கம்பா. டைரக்டரு அந்தப் படத்த எடுக்கும்போது அவருக்கு இன்னா வயசு? எள வயசு. மனசு கல்லு மாதிரி இருந்திருக்கும். 'மூடுடா கதவ'ன்னு எழுதிட்டாரு. அவனும் மூடிட்டான். இப்ப அவருக்கு வயசாச்சு, தல நரச்சிடுச்சு. ஒரு நாள் உக்காந்துக்கினு யோசிக்கிறாரு. 'இந்தாளு கைல அந்தப் பாவத்த நாமதான குடுத்தோம்? இன்னும் தூங்காம கெடக்கிறானே... நாம குடுத்தத நாமளே எடுத்துக்கலாமே'ன்னு. எடுத்துக்கினாரு. இதுல இன்னாபா தப்பு? ஒரு மனுசன் எத்தினி வருசம்தான் ஒரு தாழ்ப்பாளப் புடிச்சிக்கினே நிப்பான்? 'போதும்பா, கைய எடு'ன்னு சொல்ல ஒருத்தர் வேணாமா?"

சரியாக ஏழு நிமிடம். 'விஷன்' ஒரு தடவைகூட இல்லை. இரண்டு கட்சியும் கைதட்டியது. பழைய கட்சிக்காரர் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

கருத்து, சான்று, நடை, உச்சரிப்பு, நேரம் — ஒவ்வொரு பேச்சாளருக்கும் தலைப்புக்குப் பத்து மதிப்பெண். மூன்று தடவை கூட்டினேன். பழைய அணி நூற்று நான்கு, புதிய அணி நூற்றுப் பதின்மூன்று. ஒன்பது மதிப்பெண்ணை எங்கேயாவது மறைத்திருக்கலாம். என் பேனா அதற்குப் பழகவில்லை. 'இரு அணிகளும் வென்றன' என்று மழுப்பும் நடுவர்களை நான் இந்தப் பத்தியில் எத்தனை முறை திட்டியிருக்கிறேன்! புதிய அணி வென்றது என்று அறிவித்தேன். வரதன் எழுந்து நின்று கைதட்டினான் — தான் தோற்றதற்கு.

மாடிப்படியில் தனபாலைப் பிடித்தேன். "ஏன் ஐயா அவ்வளவு நன்றாகப் பேசினீர்கள்? கொஞ்சம் சொதப்பியிருக்கக் கூடாதா?"

"எடுத்த வேலையக் கெடுக்க மனசு வரல சார்."

"சொன்னதெல்லாம் உண்மைதானா?"

"பொய் சார்" என்றார். "கேக்க எவ்ளோ நல்லா இருந்துச்சு? பதினஞ்சு வருசமா எனக்கு நானே சொல்லிக்கினு இருந்தது அதான்."

போன ஞாயிறு. அறுநூற்று நாற்பது இருக்கை உள்ள தியேட்டரில் அறுபத்தொரு பேர். தனபால் எனக்கு இரண்டு வரிசை முன்னால் இருந்தார், பக்கத்தில் ரெட்டைப் பின்னலோடு மீனா. வர மாட்டார் என்று நினைத்திருந்தேன்.

தம்பிக்காரன் ஓடி வருகிறான். விண்கல் வருகிறது. புதுத் தொழில்நுட்பம் பளபளக்கிறது. கதவு, யாருக்கும் பாரம் இல்லாமல், தானாக மூடிக்கொள்கிறது. புதிய கட்சி விசிலடித்தது.

தனபால் எழுந்து நின்றுவிட்டார்.

"பொய்ம்மா! தானா மூடல. அவன்தான் மூடுனான்."

"யாருப்பா?" என்றது அந்தப் பெண்.

"அவன்தான் மூடுனான், நான் பாத்திருக்கேன். நம்ம வூட்லயும்... சித்தப்பா தானா போகல மீனா. நாந்தான் தாழ்ப்பாளப் போட்டேன்."

பின்வரிசையிலிருந்து ஒரு குரல்: "யோவ், உக்காருயா! தல மறைக்குது!" இன்னொரு குரல்: "ஓல்டு வெர்ஷன் பார்ட்டிப்பா, வயித்தெரிச்சல்!" சிரிப்பு. பதினைந்து வருடமாக அந்தக் கதவைப் பற்றியே பேசிக்கொண்டிருந்த கூட்டத்துக்கு, கண்ணெதிரே ஒருவர் அந்தக் கதவைச் சொன்னபோது காது கேட்கவில்லை.

இடைவேளைக்குப் பிறகு அந்த இரண்டு இருக்கைகளும் காலி. வரதன் என் காதோரம் குனிந்தான். "போயிட்டாரே சார்! செகண்ட் ஹாஃப்லதான் டைரக்டரோட உண்மையான விஷனே இருக்கு."

இருக்கட்டும். அவனே வைத்துக்கொள்ளட்டும். நான் எழுந்து வீட்டுக்கு நடந்தேன்.

புதன்கிழமை தனபால் வந்தார். இந்தத் தடவை உட்கார்ந்தார்.

"மீனா என்ன சொன்னாள்?"

"ரெண்டு நாளு என்னாண்ட பேசவே இல்ல. நேத்து வந்து, 'சித்தப்பாவத் தேடுனியாப்பா'ன்னு கேட்டுது. இல்லன்னேன். 'அப்ப தேடு'ன்னு சொல்லிட்டு ஸ்கூலுக்குப் போயிடுச்சு. சார், உங்க பத்தி எல்லா ஊர் டீக்கடைலயும் கெடக்குது. அவன் எங்கனா இருந்தா படிப்பான். எழுத்துக் கூட்டியாவது படிப்பான். எனக்காக ரெண்டு வரி போடுங்க."

"பெயரை மாற்றிப் போட்டுவிடலாம், சங்கடம் வேண்டாமே."

"மாத்துனா அவனுக்கு எப்பிடி சார் தெரியும்?"

காகிதம் எடுத்தேன். அவர் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டேன்.

'தம்பி ஏகாம்பரம், கதவு தானா மூடிக்கல. நான்தான் மூடுனேன். இப்ப தொறந்துதான் இருக்குது. வா.'

பதினொரு சொற்கள். ஒன்றைக்கூட நான் மாற்றவில்லை.