துளுக்காத கிடாய்

எனக்கு எட்டு வயதானபோது ஒரு கிடாயோடு போத்தனூரிலிருந்து காங்கேயம் வரை போனேன். குட்டியானை என்று எல்லோரும் சொல்லும் சின்னச் சரக்கு வண்டியின் பின்னால் அதுவும் நானும் ஒரே சாக்கின்மேல் உட்கார்ந்திருந்தோம். எதிரே அண்டா, விறகு, வாழை இலைக் கட்டு, அவற்றின் நடுவே மாமா. அப்பாவும் அம்மாவும் முன்னால் டிரைவரோடு.

எங்கள் வீட்டில் எழுத்துக் கூட்டத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். ஆகவே வழியில் வந்த பலகைகளையெல்லாம் சத்தமாகப் படித்துக்கொண்டே போனேன். சூலூர். பஞ்சர் போடப்படும். பல்லடம். படிக்கப் படிக்கக் கிடாய் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது. அவ்வளவு மரியாதையோடு நான் சொல்வதை யாரும் கேட்டதில்லை, இப்போது என் வகுப்பில் உட்காரும் பிள்ளைகள்கூட.

டீக்கடையில் அப்பா எனக்குத் தேங்காய் பன் வாங்கித் தந்தார். பாதியைக் கிடாய்க்குக் கொடுத்தேன். தேங்காய்ப் பூவை நக்கிவிட்டு, கொஞ்சம் யோசித்து, பன்னையும் தின்றது. பல்லடம் தாண்டியதும் காற்றாலைகள் வந்தன. வெள்ளைக் கைகள் ஓசையில்லாமல் சுற்றின. கிடாயின் மஞ்சள் கண்ணுக்குள்ளும் அவை பொடிப்பொடியாகச் சுற்றின. அது தன் தாடையை என் மடியில் வைத்தது. அதற்குப் பிறகு நான் தூங்கினேனா, விழித்திருந்தேனா, தெரியாது.

"ரொம்ப ஒட்டிக்காத கண்ணு. மத்தியானம் இலைக்கு வந்துரும்" என்று மாமா சிரித்தார்.

அப்போதுதான் எனக்கு விஷயமே தெரிந்தது. முந்தின மழைக்காலத்தில் நான் காய்ச்சலோடு ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, பிழைத்து வந்தால் கிடாய் வெட்டுவதாக அப்பா குலசாமிக்கு நேர்ந்திருந்தார். மேலே மஞ்சள் தண்ணீர் ஊற்றினால் கிடாய் உடம்பை உதற வேண்டுமாம். அதற்குத் துளுக்குவது என்று பெயர். துளுக்கினால் சாமி ஒப்புக்கொண்டது, வெட்டலாம்.

"துளுக்காட்டி?"

"துளுக்காம எங்க போவுது?"

கோயிலில் முதலில் பூசாரி ஊற்றினார். கிடாய் கழுத்து மாலையிலிருந்த சாமந்தியைத் தின்பதில் மும்முரமாக இருந்தது. அப்பா ஊற்றினார். அது இரண்டாவது சாமந்திக்குப் போனது. அடுப்பருகே காத்திருந்த உறவினர்களுக்குப் பொறுமை போய்விட்டது.

"ஏனுங்க பூசாரி, சாமி தூங்குதுங்களா? மசாலா அரைச்சு எந்நேரமாச்சு!"

மாமா அப்பாவின் காதருகே குனிந்தார். "காதுல ரெண்டு சொட்டு உட்டாத் தானா துளுக்கிரும் மாப்பளே."

"சாமிய ஏமாத்தச் சொல்றீங்களா மச்சான்?" என்றார் அப்பா.

"ஆரு பேருக்கு நேந்ததுங்க? அந்தக் கொழந்தையே ஊத்தட்டும்" என்றார் பூசாரி.

செம்பு என் கைக்கு வந்தது. அது துளுக்கக் கூடாது, எனக்கு அது ஒன்றுதான் நினைப்பு. சளாரென்று விழுந்தால்தானே உதறும் என்று செம்பை முதுகுக்கு மிக அருகே பிடித்து நூல்போல ஊற்றினேன். மற்றக் கையால், அம்மா என் தலைக்கு எண்ணெய் வைப்பதுபோல, மெல்லத் தேய்த்துக் கொடுத்தேன்.

"தேய்க்காத அம்மணி. சும்மா ஊத்து" என்றார் பூசாரி.

"மஞ்ச ஒட்ட மாட்டீங்குதுங்க" என்றேன்.

கிடாய் கண்ணை மூடிச் சுகமாக நின்றது. செம்பு காலியாயிற்று. பூசாரி வெகுநேரம் பார்த்துவிட்டு, "இன்னைக்கு உத்தரவில்லீங்க. ஓட்டிட்டுப் போங்க, இன்னொரு நாளைக்குப் பாக்கலாம்" என்றார்.

எனக்குக் குதிக்க வேண்டும்போல இருந்தது. பின்னால் அத்தை யாரிடமோ, "நேந்தது தீரலீன்னா போன காச்ச திரும்பி வரும்பாங்களே" என்றாள். "கொஞ்சம் சும்மா இருங்க நங்கையா" என்று அம்மா தன் நாத்தனாரை அடக்கினாள். அப்பா காலியான செம்பை என்னிடமிருந்து வாங்கி, அதற்குள் ஏதோ இருப்பதுபோலப் பார்த்துக்கொண்டு நின்றார்.

கறிக்கு உரித்த சின்ன வெங்காயமெல்லாம் அரிசிம்பருப்புச் சோற்றில் விழுந்தது. மாமா ஒவ்வொரு வாய்க்கும் ஒருமுறை கிடாயைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டார். நான் நெய் விட்டு மூன்று தடவை வாங்கித் தின்றேன். அப்பா இலையில் உட்காரவே இல்லை.

திரும்பும்போது மாமாவை முன்னால் அனுப்பிவிட்டு அப்பா என்னருகே ஏறிக்கொண்டார். அவருக்கும் கிடாய்மேல் ஆசை வந்துவிட்டது என்று நினைத்தேன். வெயில் தாழ்ந்து, சோளக்காடுகளெல்லாம் தேன் நிறத்தில் பின்னால் போய்க்கொண்டிருந்தன. பல்லடம் வருவதற்குள் அவருடைய புறங்கை என் நெற்றியில் வந்து பதிந்தது. சற்று நேரம் இருந்துவிட்டுப் போயிற்று. சூலூரில் மறுபடியும் வந்தது, அடுத்து கழுத்துக்கு, மீண்டும் நெற்றிக்கு. வீடு வந்து சேரும்வரை அந்தக் கை ஓயவில்லை.

அப்பா கொஞ்சுகிற ஆள் அல்ல. அதனால் அது வரும்போதெல்லாம், இன்னும் கொஞ்ச நேரம் இருக்கட்டும் என்று, முகத்தை வாகாக நிமிர்த்திக் கொடுத்தேன்.