பிறை ஆற்றங்கரை ஆலையில் அம்மா காத்த நெருப்பு

அம்மா மறைந்து ஓராண்டு நிறைகிறது. அவர்கள் வாழ்ந்த ஊரைச் சொல்லாமல் அவர்களைப் பற்றி எழுத எனக்குத் தெரியவில்லை.

அம்மா பிறந்தது மலாயாவின் தீவு நகரான ஜார்ஜ் டவுனில். திருமணமாகி எதிர்க்கரைக்கு, பிறை ஆற்றோரத்துக்கு வந்தார்கள். ஒருபுறம் ரயில் பட்டறை, மறுபுறம் மரம் அறுக்கும் ஆலைகள், நடுவில் அப்பா வேலை பார்த்த அரிசி ஆலை. வெளியே துணி உலர்த்தினால் கரி படியும். ஆனாலும் பிழைக்க வந்த எவரையும் அந்த ஊர் பட்டினி போட்டதில்லை.

ஜப்பானியர் வந்ததும் நிலைமை மாறியது. வேலை நின்ற இடங்களின் ஆட்களை லாரியில் ஏற்றி, ரயில் பாதை போடச் சயாமுக்கு அனுப்பினார்கள். மர ஆலை ஒன்று நின்ற வாரமே அதன் ஆட்கள் போனார்கள். திரும்பியவர் இருவர்.

அந்த நேரத்தில்தான் அரிசி ஆலையின் கொதிகலனைக் கவனித்துவந்த அப்பா மலேரியாவில் விழுந்தார். அந்த வேலை தெரிந்த வேறு ஆள் இல்லை. ஆலையை மேற்பார்வையிட்ட மண்டோர் வீட்டுக்கே வந்துவிட்டார்.

"ஆலை நின்னா நாளைக்கே லாரி வந்துடும் லா. பதினாலு பேர் இருக்கோம்."

"நான் வர்றேன் அண்ணே," என்றார்கள் அம்மா.

"விளையாடாதம்மா. பாய்லர் வெடிச்சா?"

"தினமும் அவுங்க சோறு சாப்பிடுறப்ப நெருப்பைப் பார்த்துக்கிட்டது நான்தானே? பாய்லர் கண்ணாடிக் குழாயில தண்ணி பாதிக்குக் கீழ இறங்கக் கூடாது. அவ்வளவுதான்."

ஒன்பது நாள், அப்பாவின் சட்டையைப் புடவைமேல் மாட்டிக்கொண்டு, அம்மா கொதிகலன் அடுப்பில் உமி அள்ளிப் போட்டார்கள். முன்கைகளில் கொப்புளம். நான்காம் நாள் ஜப்பானிய அதிகாரி வந்து, கொதிகலன் ஆள் எங்கே என்று மலாயில் அதட்டினார். "சாயாலா," நான்தான் என்றார்கள் அம்மா. அவர் நீராவி அழுத்தம் காட்டும் முள்ளையே வெகுநேரம் பார்த்தார். முள் இறங்காமல் நின்றதைக் கண்டு, திரும்பிப் போய்விட்டார். பதினான்கு பேரில் ஒருவரும் சயாமுக்குப் போகவில்லை.

"தைரியமா? கால் நடுங்கிச்சு. அதுக்காக உட்கார்ந்துட முடியுமா?" என்பார்கள், பிறகு யாராவது கேட்டால்.

போர் முடிந்தபின் எங்கள் நால்வரையும் படிக்கவைத்தார்கள். கடைசிக் காலத்தில் ஜார்ஜ் டவுனில் என்னோடு இருந்தார்கள். மூச்சுத் திணறிய நாள்களிலும் பிறர் கையால் குளிக்கச் சம்மதிக்கவில்லை.

இறுதிச் சடங்கில் துணைநின்ற உறவினர், நண்பர் அனைவருக்கும் எங்கள் நன்றி. ஒருவருக்குத் தனியே சொல்ல வேண்டும். அம்மா ஆலைக்குப் போன ஒன்பது நாளும், கைக்குழந்தையாயிருந்த எனக்குத் தம் மகளோடு சேர்த்துப் பாலூட்டியவர் பக்கத்து வீட்டு மலாய் அம்மையார். அந்த மகள்தான் சென்ற ஆண்டு மருத்துவமனையில் அம்மாவின் கட்டிலருகே என்னோடு மாறி மாறி உட்கார்ந்திருந்தவர். அக்கா, உங்களுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. நானே வந்து இதைப் படித்துச் சொல்கிறேன்.