மூன்றாவது கியர் வரைக்கும்

எங்கள் ஊரில் கார் ஓட்டத் தெரிந்தவர்களில் பாதிப் பேர் என்னிடம் திட்டு வாங்கியவர்கள். பல் டாக்டர், இரண்டு வக்கீல்கள், நகைக்கடைக்காரரின் மாமியார் என்று எல்லோருக்கும் ஸ்டியரிங் பிடிக்கச் சொல்லிக்கொடுத்தது நான்தான். டிரைவிங் ஸ்கூலில் எனக்கு ‘மெதுவா மாஸ்டர்’ என்று பெயர். எதற்கெடுத்தாலும் “மெதுவா, மெதுவா” என்பேனாம். மரியாதைக்கு வைத்த பெயர் என்றுதான் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இதில் ஒரு சின்ன விஷயம் இருக்கிறது. வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே முதலாளி என்னைப் பக்கத்து சீட்டில் உட்கார வைத்துவிட்டார். கற்றுக்கொடுப்பவருக்கென்று அங்கே தனியாக ஒரு கிளட்ச்சும் ஒரு பிரேக்கும் இருக்கும். அந்த சீட்டிலேயே எனக்குத் தலை நரைத்தது. ரயில் நிலையம், மார்க்கெட், கோர்ட் வாசல், திரும்ப ஸ்கூல். இதுதான் என் உலகம். இந்தச் சுற்றில் மூன்றாவது கியருக்கு மேல் வேலையே கிடையாது. ஊருக்கு வெளியே போகும் பெரிய ரோடு என்றாலே எனக்குப் பயம். வெளியே யாருக்கும் தெரியாது.

என் மனைவிக்கு ஆஸ்பத்திரி லேபில் வேலை. வருகிறவர்களுக்கு ரத்தம் எடுப்பாள். ஊரே என்னைக் கேலி செய்தாலும், நான் பெரிய டிரைவர் என்று நம்பிய ஒரே ஆள் அவள்தான். நம்ப வைத்தவனும் நான்தான். கல்யாணமான புதிதில், “நாட்டோட இந்தக் கோடியிலேர்ந்து அந்தக் கோடி வரைக்கும் உன்னை கார்லயே கூட்டிட்டுப் போறேன் பாரு, கடல் வர்ற வரைக்கும் ஓட்டுவேன்” என்று வாய் கிழியப் பேசிவிட்டேன். “சொந்த வண்டி வரட்டும்” என்று கூடவே ஒரு சாக்கும் சொல்லி வைத்திருந்தேன். அது பல வருஷம் நன்றாகவே ஓடியது. யார் கண் பட்டதோ, போன மாதம் முதலாளி புது வண்டி வாங்கி, பழைய பயிற்சி வண்டியை என் தலையில் கட்டிவிட்டார். அன்று சாயங்காலமே அவள் லீவு சொல்லிவிட்டு வந்து, பரண் மேலிருந்து பெட்டியை இறக்கினாள். கிளம்பும் நாளுக்குள் எனக்குக் காய்ச்சல் வந்துவிடும் என்று ரொம்ப எதிர்பார்த்தேன். பாழாய்ப்போன உடம்பு, அன்றைக்குப் பார்த்துக் கல் மாதிரி இருந்தது.

கிளம்பும்போதே ஒன்றைத் தெளிவாகச் சொன்னேன். “பெரிய ரோட்டுல போனா ஒண்ணுமே பாக்க முடியாது. ஊருக்குள்ள புகுந்து புகுந்து போனாத்தான் நாட்டைப் பாக்கலாம்.”

“நீங்க சொன்னா சரிங்க” என்றாள். எவ்வளவு நம்பிக்கை அந்தக் குரலில்!

முதல் நாற்சந்தியிலேயே என் லட்சணம் தெரிந்துவிட்டது. “இண்டிகேட்டர் போடுங்க, கிளட்ச்ச மிதிங்க” என்று சத்தமாகச் சொல்லிவிட்டு, யாராவது செய்வார்கள் என்று சும்மா உட்கார்ந்திருந்தேன்.

“யாருகிட்ட சொல்றீங்க?”

“எனக்கு நானேதான். பெரிய டிரைவருங்க எல்லாம் இப்படித்தான்.”

அதையும் நம்பினாள்.

எதிரே ஒரு லாரி கொஞ்சம் ஒட்டிப் போனால் போதும். உடனே வண்டியை ஓரங்கட்டுவேன். நிறுத்திவிட்டால் காரணம் வேண்டுமே! அங்கே கண்ணில் படுவதெல்லாம் பார்க்கவேண்டிய இடமாகிவிடும். “இந்த ரயில்வே கேட் ரொம்பப் பழசு, இறங்கிப் பாரு.” “இவ்வளவு பெரிய தண்ணித் தொட்டிய எங்கயாவது பாத்திருக்கியா?” அடியில் தண்ணீரே ஓடாத ஒரு பாலத்தைக்கூட அரை மணி நேரம் சுற்றிக்காட்டினேன். அவள் எல்லாவற்றையும் பொறுமையாக போட்டோ எடுத்தாள். நிஜமான கோட்டை ஒன்று குன்றின் மேல் தெரிந்தது. அதற்குப் போகப் பெரிய ரோட்டைத் தாண்டவேண்டும் என்றார்கள். “கோட்டைன்னா என்ன, சுவருதானே” என்று சொல்லிவிட்டு வண்டியைத் திருப்பினேன். அவள் கோட்டை மறையும் வரை ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டு வந்தாள்.

ராத்தங்கிய விடுதி அறையின் ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டிடத்தின் சுவர். அந்த ஜன்னலோரம் உட்கார்ந்து, கூட வேலை பார்க்கும் பெண்ணிடம் போனில் படங்களைக் காட்டிக்கொண்டிருந்தாள்.

“இதென்னக்கா, தண்ணித் தொட்டியா? கடல் எங்கக்கா?” என்று கேட்டது போன்.

“வரும், வரும். அவர் கூட்டிட்டுப் போவாரு” என்றாள் இவள்.

நான் தூங்குவதுபோலப் படுத்திருந்தேன்.

கடலுக்கு முன்னால் மலை ஒன்று இருந்தது. அதைச் சுற்றிப் போக வழியில்லை. ஒரே ரோடு, அதிலும் கொண்டை ஊசி வளைவுகள், லாரிகள். அடிவாரத்தில் ஒரு பட்டறையைப் பார்த்ததும் எனக்கு மூளை வேலை செய்தது. வண்டியை உள்ளே விட்டேன். அவள் டீ வாங்கப் போனாள். நான் மெக்கானிக்கிடம், “எஞ்சின்ல ஏதோ சத்தம் கேக்குது. இது மலை ஏறாதுன்னு நினைக்கிறேன்” என்று சொல்லிக் கண்ணடித்தேன்.

“கண்ணுல தூசியா சார்?” என்றான் அவன்.

சாவியை வாங்கிக்கொண்டு பெரிய ரோட்டில் ஒரு ரவுண்டு போய்வந்தான். அவன் இறங்கவும், அவள் இரண்டு டீயோடு வந்து நிற்கவும் சரியாக இருந்தது.

“வண்டி தங்கம் சார். மலை என்ன, வானத்துக்கே ஏறும். நாலாவது கியர்தான் விழ மாட்டேங்குது, முறுக்கிட்டு நிக்குது. இத்தனை வருஷத்துல யாருமே அதைத் தொட்டதில்ல போல.” அவனே சிரித்துக்கொண்டான். “மலைக்கு அது தேவையில்ல. ரெண்டாவதுலயே போயிடலாம்.”

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். “யாருமே தொட்டதில்லையா? நீங்க கூடவா?”

வேறு வழியில்லாமல் சொன்னேன். “பெரிய ரோட்டுல எனக்கு ஓட்ட வராது. பயம்.”

சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரித்திருந்தால் தேவலை. டீ கிளாஸை அங்கே கிடந்த டயர் மேல் வைத்தாள்.

“பயம்னா என்கிட்ட சொல்றதுக்கு என்ன? ஊசின்னா பயம்னு சொல்றவங்கள படுக்க வெச்சு ரத்தம் எடுப்பேன். சொல்லாம வீம்பா உக்கார்றவங்கதான் மயங்கி விழுவாங்க.”

“நீ என்னை மட்டமா நெனச்சிடுவியோன்னு...”

“எங்க லேப்ல வருஷா வருஷம் எல்லாரும் பஸ் வெச்சு டூர் போனாங்க. என் தம்பி எத்தனை தடவை கூப்பிட்டான்! எங்க வீட்டுக்காரர் கார்ல கூட்டிட்டுப் போவாருன்னு சொல்லிச் சொல்லியே நான் எங்கயும் போகல. பயம்னு சொல்லியிருந்தா நான் பஸ்லயே போயிருப்பேனே. உங்களையும் கூட்டிட்டுப் போயிருப்பேன்.”

இது எனக்கு உறைக்கவே இல்லை, இத்தனை வருஷமும். என் பயத்தை நான் மட்டும் சுமப்பதாக நினைத்துக்கொண்டிருந்தேன். என் வெட்டி கௌரவத்துக்காக அவள் ஒரு ஊரும் பார்க்காமல் இருந்திருக்கிறாள்.

மலைக்குப் போகும் பஸ் ஒன்று வந்தது. அவள் பையை எடுத்துக்கொண்டு கைகாட்டி நிறுத்தினாள். “அந்தப் பக்கம் அடிவாரத்துல இறங்கிக்கறேன். வந்தா வாங்க. முடியலைன்னா நான் கடலைப் பாத்துட்டு பஸ்லயே வீட்டுக்கு வந்துடறேன். நீங்க வந்த வழியாவே மெதுவாப் போங்க” என்றாள். குத்திக்காட்டவில்லை, நிஜமாகவே அப்படித்தான் சொன்னாள். பஸ் போய்விட்டது.

நான் வண்டியில் ஏறி, பெல்ட் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். ரொம்ப நேரமாகியும் வண்டி கிளம்பவில்லை.

“டிரைவர் வரணுமா சார்?” என்றான் மெக்கானிக்.

அப்போதுதான் பார்த்தேன், பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருக்கிறேன். “வருவாரு” என்று சொல்லிவிட்டு, இறங்கிச் சுற்றிவந்து ஏறினேன்.

“மெதுவா. பயப்படாதீங்க. லாரி வருதா, வரட்டும், அது பாட்டுக்குப் போகும். நீங்க உங்க பக்கத்துலயே இருங்க” என்று வழிநெடுகச் சொல்லிக்கொண்டே போனேன். இவ்வளவு மோசமான மாணவன் எனக்கு வாய்த்ததே இல்லை. ஒவ்வொரு வளைவிலும் ஊரைக் கூட்டுகிற மாதிரி ஹாரன் அடித்தான். பின்னால் வரிசைகட்டி வந்தவர்கள் என் பரம்பரையையே இழுத்துத் திட்டிவிட்டு முந்திப் போனார்கள். ஒரு டிராக்டர்கூட முந்தியது. அதில் உட்கார்ந்திருந்தவர் எனக்குக் கை வேறு காட்டினார்.

பாதி மலையில் வண்டி திருப்ப வாகாக ஓர் இடம் வந்தது. நிறுத்தினேன். திரும்பிப் போனால் என்ன ஆகும் என்று யோசித்தேன். அவள் தனியாகக் கடலைப் பார்ப்பாள். பஸ் ஏறி வீட்டுக்கு வருவாள். “சாப்பிட்டீங்களா” என்று கேட்பாள். கோபப்படக்கூட மாட்டாள். இனிமேல் என்னிடம் எதையும் எதிர்பார்க்கமாட்டாள், அவ்வளவுதான். அதை நினைத்தபோது வந்த பயத்துக்கு முன்னால் லாரி பயமெல்லாம் ஒன்றுமே இல்லை. முதல் கியரைப் போட்டேன்.

அந்தப் பக்கம் இறங்கும்போது வெயில் தாழ்ந்திருந்தது. பஸ் நிறுத்தத்தின் சிமெண்ட் பெஞ்சில் மடியில் பையோடு அவள் உட்கார்ந்திருந்தாள். நேராகப் போய் அவள் முன்னால் நிறுத்தினேன். கிளட்ச்சை மிதிக்க மறந்ததில், வண்டி ஒரு குதி குதித்து அணைந்தது.

“கடலைப் பாத்துட்டியா?” என்றேன் ஜன்னல் வழியே.

“இல்ல.”

“ஏன், பக்கம்தானே?”

“பக்கம்தான். சத்தம் இங்கயே கேக்குது.”

“நான் வருவேன்னு நெனச்சியா?”

அவள் யோசிக்கவே இல்லை. “வரமாட்டீங்கன்னுதான் நெனச்சேன்.”

“அப்புறம் எதுக்கு இங்கயே உக்காந்திருந்தே?”

“ஒருவேளை வந்துட்டீங்கன்னா? கை காலெல்லாம் நடுங்கிட்டு மலை இறங்கி வர்றப்போ, இங்க யாருமே இல்லைன்னா?”

எனக்கு அழுகை வந்துவிட்டது. கண்ணைத் துடைக்கலாம் என்றால் ஸ்டியரிங்கிலிருந்து கை வரவில்லை, விரல்கள் அப்படியே இறுகிப்போயிருந்தன. அவள் கதவைத் திறந்து, லேபில் ஊசிக்குப் பயந்து முஷ்டியை மூடிக்கொள்கிறவர்களுக்குச் செய்வதுபோல, ஒவ்வொரு விரலாகப் பிரித்துவிட்டாள்.

“வண்டி இங்கயே நிக்கட்டும்” என்றாள். “வாங்க, நடந்தே போலாம்.”