சைரன் கொடுத்த முடி

அச்சக மேற்பார்வையாளருக்குச் சைரன் என்று பெயர். வைத்தது தொழிலாளர்கள், பாடுபட்டுச் சம்பாதித்தது அவர். தாளில் மயிரிழை மை கசிந்தால் போதும், மூன்று இயந்திரங்களின் இரைச்சலையும் தாண்டி அவர் தொண்டை கேட்கும்.

"எனக்கு டென்ஷனே கிடையாதுப்பா, குடுக்கத்தான் தெரியும்" என்பார். அதை நகைச்சுவை என்று வேறு நினைத்துக்கொண்டிருந்தார்.

ஒருநாள் நிர்வாகம் ஒரு டாக்டரை அனுப்பியது. எல்லார் பின்மண்டையிலும் ஒரு கொத்து முடி வெட்டுவாராம். மூன்று மாதப் பதற்றம் அதில் பதிந்திருக்குமாம். அளவு மீறினால் மேற்பார்வை நாற்காலி காலி.

சைரன் தலையில் இருந்ததோ டோப்பா. ஆட்கள் முன்னால் அதைக் கழற்றுவதைவிட நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம். "வீட்ல வெட்டிக் கொண்டாறேன் டாக்டர்" என்று முடி போடும் உறையை வாங்கிப்போய், மனைவியின் பின்மண்டையில் கத்தரி போட்டார்.

"எதுக்குங்க?"

"வாய மூடு. நீதான் குத்துக்கல்லாட்டம் இருக்கியே, உனக்கென்ன டென்ஷன்?"

இரண்டு வாரம் கழித்து டாக்டர் தனியே கூப்பிட்டார்.

"இது உங்க முடிதானா சார்?"

"பின்ன, கடையிலயா வாங்குனேன்?" டோப்பா கடையில் வாங்கியதுதான்.

"பயந்தா கார்ட்டிசால்னு ஒரு ஹார்மோன் ஏறும். ஏறுன கார்ட்டிசாலே, கஞ்சாவுக்குப் பங்காளியாட்டம் ஒரு சரக்க உடம்புக்குள்ள சுரக்க வைக்கும். அது வந்து 'போதும், அடங்கு'ன்னு கார்ட்டிசால இறக்கும். பிரேக்குன்னு வெச்சுக்குங்க. நாள் தவறாம பயந்துட்டே இருந்தா பிரேக் தேஞ்சிடும். இந்த முடியில கார்ட்டிசால் எக்கச்சக்கம், அந்தச் சரக்கு அடிமட்டம். யாரைப் பாத்து சார் இவ்வளவு பயம்?"

சைரன் டோப்பாவைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"என் முடி இல்ல டாக்டர். வீட்டம்மாவோடது."

"நாளைக்கே அவங்கள கூட்டிட்டு வாங்க."

செய்த பித்தலாட்டத்துக்கு நாற்காலி மதியமே போயிற்று. நல்லதுக்குத்தான்.

வழக்கமாகத் தெருமுனையிலேயே "கதவத் தொற!" என்று அலறுகிறவர், அன்று வாயைத் திறக்காமல் வாசலுக்கு வந்தார். உள்ளே அவள் பாடிக்கொண்டிருந்தாள். இருபது வருடம் குடித்தனம் நடத்திய மகாபுத்திசாலிக்கு, அவள் பாடுவாள் என்பதே புதுச் செய்தி. தாழ்ப்பாளில் கை வைத்தார். லேசாகக் கிறீச்சிட்டது. பாட்டு கப்பென்று நின்றது.

கையை எடுத்துக்கொண்டார். பாட்டு மறுபடி தொடங்கும்வரை, மொட்டைத்தலை வெயிலில் காய, அசையாமல் நின்றார்.