குழாயைத் திருப்பிவிட்டேன்

கல்மண்டபம் பக்கம் குடியிருந்தபோது, ஹார்பரில் உடைத்துப் போடும் பெட்டிப் பலகைகளைத்தான் வெந்நீர் பாய்லருக்கு எரித்தேன். வீடெல்லாம் புகை. பாய்லரின் புகைக்குழாயைக் கழற்றிக் கரியைத் தட்டினேன். காய்ந்த பலகையாகப் பொறுக்கிப் போட்டேன். ஒன்றும் சரிப்படவில்லை. கடல்காற்று புகையைத் திருப்பித் தள்ளுகிறது என்று புரிந்ததும், குழாய் நுனியில் ஒரு வளைவை மாட்டிச் சந்துப்பக்கம் திருப்பிவிட்டேன். எங்கள் வீட்டில் புகை நின்றது. பெரிய கெட்டிக்காரன் என்று நினைப்பு.

பக்கத்து வீட்டு ஸ்டெல்லா அக்கா வந்தார். அவருடைய அப்பா இழுப்பு நோயாளி, படுத்த படுக்கை.

"இன்னாபா, பொகை மொத்தம் எங்க வூட்டுக்குள்ள வந்துகினு கீது. நைனாவால மூச்சு வுட முடியல."

"ஜன்னல சாத்திக்கோக்கா. இதுக்கு ஒரு பஞ்சாயத்தா?" என்றேன்.

பத்து நாள் கழித்து ஒரு காலையில் மறுபடி வந்தார். நானும் சண்டைக்குத் தயாரானேன். காலிக் குடத்தோடு நின்றார்.

"நைனா பூட்டாருபா. குளிப்பாட்ட சுடுதண்ணி வோணும்."

பாய்லரைப் பற்றவைத்தேன். வெந்நீரைத் தூக்கிக்கொண்டு போனேன். அந்த அறை ஜன்னல் சாத்தியிருந்தது. இடுக்கெல்லாம் பழைய சேலையைக் கிழித்துத் திணித்திருந்தார்கள். அப்படியும் என் புகை உள்ளே வந்துகொண்டிருந்தது. சுற்றி நின்ற எல்லோரும் இருமினோம். நைனா மட்டும் இருமவில்லை.

அன்று மாலை அந்த வளைவைக் கழற்றினேன். ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை.